தலைவன் யார்? ஏ. கே. ஜி. வாழ்க்கை தரும் விடை

தலைமை என்றால் என்ன என்று கற்றுக் கொடுப்பதற்கே இன்று கல்லூரிகள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் பணம் கட்டி முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய நிர்வாகிகளும் அங்கே படிக்கிறார்கள். படித்துவிட்டு வந்து, தொழிலாளியின் மனத்தைத் தொட்டு வேலை வாங்குவது எப்படி என்று மேஸ்திரிக்கும் சூபர்வைசருக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். கூலியைத் தொடாமல் மனத்தை மட்டும் தொடுகிற வித்தை இது!

மற்றொரு பக்கம் பார்த்தால், வானளாவிய கட்அவுட்டுகள், மாலைகள், பாலாபிஷேகம். தலைவர் கை அசைத்தால் போதும், நம் துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஏழை ஜனங்களை நம்பவைக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: நமக்கு எப்படிப்பட்ட தலைவன் வேண்டும்? இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. தலைவனைத் தப்பாகத் தேர்ந்தெடுத்த சங்கம், பல வருஷம் போராடிப் பெற்றதை ஒரே கையெழுத்தில் இழந்துவிடும். ஆகவே, தலைமை பற்றி அறிஞர்கள் எழுதியிருப்பதை எடுத்து, தோழர் ஏ. கே. கோபாலன் என்ற ஒரு மனிதரின் வாழ்க்கையோடு உரைத்துப் பார்ப்போம்.

அறிஞர்கள் சொல்வது என்ன?

1841-ல் கார்லைல் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், உலக சரித்திரம் என்பது மாமனிதர்களின் சரித்திரமே என்று எழுதினார். அதாவது பிரமிடைக் கட்டியவன் அரசன். கல் சுமந்தவனுக்குச் சரித்திரத்தில் இடமில்லை. இந்தக் கருத்தை ஆளும் வர்க்கம் ஏன் விரும்பியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்த ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். ஜனங்கள் மூன்று காரணங்களால் ஒருவருக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்றார். ஒன்று, பழைய வழக்கம்: மிராசுதாரின் மகன் மிராசுதார். இரண்டு, சட்டம்: பதவியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. மூன்று, தனி மனிதரின் கவர்ச்சி. இந்தக் கவர்ச்சி நிலைக்காது, அந்த மனிதர் போன பிறகு அவருடைய வாரிசும் பதவிக்காரர்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நம் நாட்டு அரசியலைப் பார்க்கிறவர்கள் இதை மறுக்க முடியாது.

1939-ல் குர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவில் தலைவர் வெறும் உத்தரவு போட்டார். இன்னொரு குழுவில் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். தலைவர் அறையைவிட்டு வெளியே போனதும், உத்தரவு போட்ட குழுவில் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவிலோ வேலை தொடர்ந்தது. மேஸ்திரி தலை மறைந்ததும் என்ன நடக்கும் என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்த சங்கதிதான்.

1978-ல் ஜேம்ஸ் மாக்கிரெகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் தலைமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கொடுக்கல் வாங்கல் தலைமை: நீ ஓட்டுப் போடு, நான் வேலை வாங்கித் தருகிறேன். மற்றொன்று மாற்றுகிற தலைமை: தலைவனும் பின்பற்றுகிறவர்களும் ஒருவரை ஒருவர் உயர்த்துவது.

இவற்றில் கொள்ளத்தக்கது உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. இப்போது ஏ. கே. ஜி.யிடம் வருவோம்.

பள்ளி ஆசிரியரை உருவாக்கியது யார்?

1904-ல் வட மலபாரில் பிறந்தவர் கோபாலன். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. வேலையை விட்டு இயக்கத்துக்கு வந்தார். 1931-ல் குருவாயூர் ஆலய நுழைவு சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படையின் காப்டனாக நின்று அடி வாங்கினார்.

அந்தப் போராட்டம் ஒரு பெரிய பாடம். 1932-ல் கேளப்பன் உண்ணாவிரதம் தொடங்கினார். காந்திஜியின் யோசனைப்படி அது நிறுத்தப்பட்டது. பொன்னானி தாலுகாவில் வாக்கு எடுத்துப் பார்த்தபோது ஆலய நுழைவுக்கே பெரும்பான்மை ஆதரவு இருந்தது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. குருவாயூர்க் கோயில் எல்லோருக்கும் திறந்தது 1947-ல்தான். ஜனங்கள் தயாராக இருந்தும், முடிவு ஜனங்கள் கையில் இல்லாததால் போராட்டம் நின்றது.

அதன் பிறகு கோபாலன் கோழிக்கோட்டுப் பக்கம் தொழிலாளர்களிடையே சங்க வேலைக்குப் போனார். தொழிலாளிக்குப் பாடம் சொல்லப் போன ஆசிரியர், தொழிலாளியிடம் பாடம் கற்றார். கார்லைல் சொல்கிற மாமனிதர் வானத்திலிருந்து இறங்கி வருகிறவர். கோபாலனோ உப்பு சத்தியாக்கிரகமும் ஆலய நுழைவும் ஆலை வாயிலும் சேர்ந்து உருவாக்கிய மனிதர். ரஷ்ய மார்க்ஸிஸ்ட் பிளெகனாவ் 1898-லேயே இதை விளக்கினார்: காலத்தின் தேவையை மற்றவர்களுக்கு முன்னால் காண்கிறவனும், அதற்காக மற்றவர்களைவிட அதிகம் பாடுபடுகிறவனுமே பெரிய மனிதன், அந்தத் தேவையை உண்டாக்குவது அவனல்ல, சமுதாயம்.

நடந்தே வந்த தலைமை

1936-ல் மலபாரில் பட்டினியும் வேலையில்லாத் திண்டாட்டமும் தலைவிரித்து ஆடின. சென்னை சர்க்காருக்கு அதைத் தெரியப்படுத்த, கண்ணூரிலிருந்து 32 பேர் கொண்ட பட்டினி ஜாதா புறப்பட்டது. தலைமை வகித்தவர் ஏ. கே. ஜி. பல நூறு மைல் நடந்து சென்னை வந்து சேர்ந்தார்கள். வழி நெடுகக் கூட்டம் போட்டார்கள்.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது? மனுவைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். சர்க்காரும் அதைக் குப்பையில் போட்டிருக்கும். நடந்ததனால் ஊருக்கு ஊர் ஜனங்கள் தங்கள் பட்டினியைப் பொதுப் பிரச்னையாகப் பார்த்தார்கள். தன் வீட்டு அடுப்பு எரியாதது தன் தலைவிதி என்று நினைத்திருந்தவன், அது அடுத்த ஜில்லாவிலும் எரியவில்லை என்று அறிந்தான். விதி என்று நினைத்ததை அநியாயம் என்று காணச் செய்வதுதான் தலைவனின் முதல் வேலை. பர்ன்ஸ் சொன்ன மாற்றுகிற தலைமை இதுதான்.

1941-ல் வேலூர்ச் சிறைச் சுவரைத் துளைத்துத் தப்பித் தலைமறைவானார். 1947 ஆகஸ்ட் 15-ம் தேதி நாடெல்லாம் கொடியேற்றியபோது கண்ணூர்ச் சிறையில் இருந்தார். சுதந்திர இந்தியாவிலும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டு, 1950-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடினார். பெரும்பான்மை நீதிபதிகள் தடுப்புக்காவல் சட்டத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தினார்கள். நீதிபதி பசல் அலி மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அதே கோர்ட்டு, பழைய குறுகலான பார்வையைக் கைவிட்டது. தோற்ற வழக்கும் வீணாகவில்லை.

எதிரியாக நின்றவர்களுக்காக

1961-ல் கேரளத்தில் இடுக்கி மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலில் குடியிருந்த விவசாயக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். கொட்டும் மழையில் அமராவதி என்ற இடத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அந்தக் குடும்பங்களில் பலர் 1959-ல் கம்யூனிஸ்ட் மந்திரிசபைக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின் பக்கம் இருந்தவர்கள். கொடுக்கல் வாங்கல் அரசியல்வாதியாக இருந்தால், “அனுபவியுங்கள்” என்று சும்மா இருந்திருப்பார். ஏ. கே. ஜி. அங்கே போய் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் முன்னணியில் நின்ற பாதிரியார் வடக்கனும் அந்த விவசாயிகளுக்காக அவரோடு சேர்ந்து நின்றார்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: “ஒருவர் பட்டினி கிடக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது தனிமனித வழிபாடு ஆகாதா? குருவாயூரில் நடந்ததும் இதுதானே?” நியாயமான கேள்வி. ஏ. கே. ஜி.க்கும் கவர்ச்சி இருந்தது; அவரைக் காண ஜனங்கள் திரண்டார்கள். வெபர் சொன்ன ஆபத்து நம் இயக்கத்துக்கும் உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கவர்ச்சி இருந்ததா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. அந்தக் கவர்ச்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். குடும்பச் சொத்தில் சேர்ந்ததா? ஜனங்களின் ஸ்தாபனத்தில் சேர்ந்ததா?

தலைவர் போன பின் நிற்பது என்ன?

இரண்டு உதாரணங்கள் போதும். 1957-ல் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களை வெளியே தள்ளியது. வேலை கேட்டு மனுப் போடுவதோடு நிற்க வேண்டாம், நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துங்கள் என்று ஏ. கே. ஜி. வழிகாட்டினார். பெங்களூரிலும் டில்லியிலும், 1958-ல் திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுகள் காப்பி ஹவுஸ் திறந்தன. மேஜை துடைத்தவன் நிர்வாகக் கமிட்டியில் உட்கார்ந்தான். ஏ. கே. ஜி. 1977 மார்ச் 22-ல் மறைந்தார். இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் கேரளத்தில் நடக்கிறது.

இரண்டாவது, விவசாயத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டியது. கேரளச் சட்டசபை 1969-ல் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தத் திருத்தம் 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. நிலப்பிரபுவின் மண்ணில் குடிசை போட்டிருந்தவனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் உரிமை. ஆனால் காகிதத்தில் இருக்கிற சட்டம் களத்துமேட்டுக்குத் தானாக நடந்து வருமா? 1969 டிசம்பரில் ஆலப்புழை அருகே அரவுக்காட்டில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளிகளும் மாநாடு கூடினார்கள். சர்க்கார் தரும் வரை காத்திராமல் உரிமையை நாமே நிலைநாட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். ஏ. கே. ஜி.யும் மற்றத் தலைவர்களும் அந்தப் போராட்டத்தில் நின்றார்கள். வேலி கட்டியது குடிசைக்காரர்களின் கை. தான் கட்டிய வேலியைக் காக்க அவனுக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

லெவின் சிறுவர்களிடம் கண்டது இங்கே பெரிய அளவில் நடந்தது: தலைவர் அறையைவிட்டுப் போன பிறகும் வேலை தொடர்கிறது.

ஆனால் லெவினும் பர்ன்ஸும் கண்டுகொள்ளாத ஒன்று உண்டு. அந்தச் சிறுவர்களின் தலைவரைச் சிறுவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சோதனை நடத்தியவர்கள் அனுப்பினார்கள். இன்று ஆலையில் “மாற்றும் தலைமை” பேசுகிற நிர்வாகியையும் முதலாளியே அனுப்புகிறார். அவர் எவ்வளவு இனிமையாகக் கலந்து பேசினாலும், லாபத்தில் பங்கு என்ன, ஷிப்டு நேரம் என்ன, காண்டிராக்ட் முறை எப்போது ஒழியும் என்ற கேள்விகள் மட்டும் பேச்சுக்கு வராது. எந்த வர்க்கத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்காமல் ஒரு தலைவரின் பாணியை ஆராய்வது, மாட்டின் கொம்பை மட்டும் பார்த்துச் சந்தையில் மாடு பிடிப்பதற்குச் சமம்.

நம் கையில் நான்கு கேள்விகள்

தோழர்களே! அடுத்த முறை யாராவது உங்கள் முன் தலைவர் என்று வந்து நின்றால், அவர் நம் சங்கத்தவரே ஆனாலும், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வாயிற்கூட்டத்தில் படித்துக் காட்டுவாரா?

உங்கள் கஷ்டத்தை உங்களோடு சேர்ந்து படுகிறாரா, அல்லது அதைப் பற்றி மேடையில் பேசுவதோடு சரியா?

தமக்கு ஓட்டுப் போடாதவனுக்கும் அநியாயம் நேர்ந்தால் போய் நிற்பாரா?

நாளை அவர் இல்லாவிட்டால் கணக்குப் பார்க்கவும், நோட்டீஸ் எழுதவும், அதிகாரியிடம் பேசவும் பத்துப் பேரைத் தயார் செய்திருக்கிறாரா?

கடைசிக் கேள்வியில் நமக்கும் கடமை உண்டு. சந்தாவைக் கொடுத்துவிட்டு, “தலைவர் பார்த்துக்கொள்வார்” என்று வீட்டுக்குப் போகிற அங்கத்தினர், நல்ல தலைவரையும் கெடுத்துவிடுவார். கமிட்டிக்கு வாருங்கள். கணக்கைக் கேளுங்கள். நடவுக்குப் போகிற பெண்களையும் இரவு ஷிப்டுப் பெண்களையும் பின்வரிசையில் உட்கார வைக்காமல் தலைமைக்குக் கொண்டு வாருங்கள்.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். முன்னால் நின்று குரல் கொடுக்க ஒருவர் வேண்டும், மறுக்கவில்லை. அவருடைய கையும் வடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!