ஒரு பல்லு தள்ளிப்போன கதை

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. வந்ததும் வராததுமா ஒரு ஒப்புதல் வாக்குமூலம். கூடவே கொஞ்சம் கருத்தும் உண்டு, பொறுத்துக்குங்க.

எங்க ஊர் குருவிநத்தம். பாகூர் பக்கம், தென்பெண்ணை ஆத்தங்கரை. ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. ஒரு காலத்துல போர் கொட்டாயில ஆயில் இன்ஜின் ரிப்பேர் பாத்தவரு. இப்போ பவர் டில்லர், புல்லட்டுன்னு எது வந்தாலும் பிரிச்சு மாட்டுவாரு. படிப்பு எட்டாவது. நான் பி.இ., பொட்டி தட்டுறவன். இந்த வித்தியாசம்தான் கதைக்கே வில்லன்.

மச்சான் ஒருத்தன்கிட்ட அவங்க அப்பா ஓட்டின பழைய புல்லட் 350 கிடந்துச்சு. இன்ஜின் மொத்தமா போச்சு. கடலூர்ல ஒருத்தர்கிட்ட பழைய 500 இன்ஜின் விலைக்கு வந்துது. வாங்கி மாட்டிடலாம்னு முடிவாச்சு. 350-ல போர் 70 மி.மீ., 500-ல 84 மி.மீ. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் 90 மி.மீ. தான். அண்ணன் ரெண்டே நாள்ல இன்ஜினை ஃப்ரேம்ல உட்கார வச்சுட்டாரு.

அதோட விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இல்லாம, "பாயிண்ட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் எந்தக் காலம்ணே? கிராங்க் சென்சார் போட்டு, சின்ன ஈசியூ வச்சு கலக்கிடலாம்"னு ஆரம்பிச்சேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில குடுத்து 36 பல்லுல ஒண்ணு குறைச்ச சக்கரம் ஒண்ணு லேசர்ல வெட்டி வாங்கினோம். கிராங்க்ல ஆல்டர்னேட்டர் ரோட்டரோட சேத்துப் பொருத்தி, பக்கத்துல சென்சார் வச்சோம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு: 36 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 10 டிகிரி. ஒரு பல்லு இல்லாத இடம் சென்சாரைத் தாண்டும்போது ஈசியூ "சரி, இங்கேருந்து எண்ணணும்"னு புரிஞ்சுக்கும். ஆனா பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம், அதாங்க டிடிசி, அந்த ஓட்டையிலேருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நாமதான் ஒரு நம்பரா டைப் பண்ணிச் சொல்லணும். கம்பெனி வண்டியில அதைக் கம்பெனிக்காரனே சொல்லிடுவான். நாமே வெட்டின சக்கரத்துக்கு யார் சொல்லுவா?

நான் சொன்னேன். தப்பா சொன்னேன்.

பிளக்கைக் கழட்டி, சைக்கிள் ஸ்போக்கை உள்ள விட்டு, அது உச்சிக்கு வந்த இடத்தை டிடிசின்னு குறிச்சேன். அப்புறம் பல்லு எண்ணினேன். நாம எதையும் பூஜ்யத்துலேருந்து எண்ணுற ஜாதியாச்சே. ஓட்டைக்கு அடுத்த பல்லு 0, அதுக்கடுத்தது 1. அந்த மென்பொருளோ ஓட்டைக்கு அடுத்த பல்லையே 1-ன்னு எண்ணுது. என் கணக்குல அது டிடிசிக்கு 80 டிகிரி முன்னாடி, நிஜத்துல 90. ஆக ஒரு பல்லு, 10 டிகிரி தப்பு. வேலையில இதை 'ஆஃப் பை ஒன்'னு சொல்லிச் சிரிப்போம். பக் ரிப்போர்ட் வரும், திருத்துவோம், டீ குடிப்போம்.

இங்க பக் ரிப்போர்ட் மச்சான் கால்ல வந்துச்சு.

புல்லட்டுக்குக் கிக் அடிக்கும்போது ஸ்பார்க் டிடிசிக்கு 0.8 மி.மீ. முன்னாடி வரணும். டிகிரி கணக்குல ஏறக்குறைய 10. எங்க வண்டியில அது 20 ஆயிடுச்சு. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கிறதுக்குள்ள வெடி. கிராங்க் பின்னாடி சுத்தி, கிக்கர் திருப்பி அடிச்சது. கணுக்கால் வீங்கி, கட்டுப் போட்டு, மூணு வாரம் மச்சான் படுக்கையில.

அதைவிடக் கேவலம், அன்னிக்கு சாயங்காலம் டீக்கடையில நான் பேசினது. "அண்ணன் வால்வு டைமிங்கைத் தப்பா மாட்டிட்டாரு போல." யோசிக்காம வாயில வந்துச்சு. எல்லாரும் நம்பினாங்க. நான் இன்ஜினியர், அவர் ஒர்க் ஷாப்காரர், அவ்ளோதான் காரணம்.

அண்ணன் சண்டைக்கு வரல. மறுநாள் என்னைக் கூப்பிட்டு டைமிங் கவரைக் கழட்டினாரு. கிராங்க் பினியன்ல இருக்கிற புள்ளியும் கேம் வீல் புள்ளியும் நேருக்கு நேரா நின்னுது. "என் வேலை இது தம்பி. உன் வேலையைக் காட்டு"ன்னாரு. எதைக் காட்ட? லேப்டாப்புல இருக்கிற ஒரு நம்பரையா?

அப்புறம் அவரே டிடிசி கண்டுபிடிச்சுக் காட்டினாரு. ஒரு பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, உள்ள ஒரு போல்ட்டை இறுக்கி, ஹெட்ல மாட்டினாரு. உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பிஸ்டன் அதுல முட்டி நிக்கும். டிகிரி அச்சடிச்ச தாளை ஒட்டின ஒரு பழைய சிடியை கிராங்க் முனையில வச்சு, கையால மெதுவா இந்தப் பக்கம் சுத்தினா 38-ல முட்டுது, அந்தப் பக்கம் 44-ல முட்டுது. நடு 41. அப்போ நான் ஸ்போக்கால வச்ச பூஜ்யமே 3 டிகிரி தப்பு! உச்சிகிட்ட பிஸ்டன் நகர்றதே தெரியாது. 10 டிகிரி திரும்பினாலும் ஒரு மில்லிமீட்டர் கூட இறங்காது. ஸ்போக்குக்கு அது எப்படித் தெரியும்?

"மார்க்கு எவன் வேணா போடலாம் தம்பி, பிஸ்டன் பொய் சொல்லாது." எட்டாவது படிச்ச மனுஷன் சொன்னது.

இப்போ கருத்து. முன்னாடி டைமிங் கண்ணுக்குத் தெரியுற இடத்துல இருந்துச்சு. பாயிண்ட்டு நடுவுல சிகரெட் பேப்பரை வச்சு இழுத்தா, அது வழுக்கி வர்ற இடம்தான் ஸ்பார்க். யார் வேணா சரி பாக்கலாம், யார் வேணா தப்புன்னு சொல்லலாம். இப்போ அதை ஒரு நம்பரா மாத்தி லேப்டாப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கோம். அதைப் பாக்க முடியாதவன் தலையில பழியைக் கட்டுறோம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு புது பைக்குல பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். இந்தப் பழி இனிமே இன்னும் நிறைய அண்ணன்கள் மேல விழும்.

ஆஸ்திரேலியாவுல பால் கார்பெரின்னு ஒருத்தர் புல்லட் 500-ஐ அடிப்படையா வச்சு 55 டிகிரியில 1000 சிசி வி-ட்வின் பண்ணினாரு. ஒரே கிராங்க் பின்னுல ரெண்டு ராடும் மாட்டினா, அந்தக் கோணத்துக்கு வெடி 305 டிகிரி, 415 டிகிரின்னு மாறி மாறி வரணும். ஆசை மட்டும் இருந்தா இதெல்லாம் ஓடாது. பூஜ்யம் எங்கேன்னு இரும்புல அளந்தவனுக்குத்தான் ஓடும்.

அதனால என் கட்சி இதுதான். இன்ஜின் மாத்தி எலக்ட்ரானிக் டைமிங் போடுறவன், டிடிசியை ரெண்டு பக்கமும் முட்ட வச்சு அளக்கணும். ஈசியூல 10 டிகிரின்னு நிலையா வச்சு, பிளக்கைக் கழட்டிட்டுக் கிக் அடிச்சு, டைமிங் லைட்டுல அந்த 10 இரும்புல தெரியுதான்னு பாக்கணும். அதை மெக்கானிக் கண்ணால பாத்து "சரி"ன்னு சொல்லணும். அப்புறம்தான் யார் காலும் கிக்கர் மேல. நம்பர் யார் போட்டாங்களோ, பழியும் அவங்களுக்கே.

அடுத்த வாரம் அதே டீக்கடையில, அதே ஆளுங்க முன்னாடி, "தப்பு என்னுது"ன்னு சொன்னேன். அண்ணன் டீயை உறிஞ்சிக்கிட்டே, "சரி, அந்த லேப்டாப்பை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு"ன்னாரு. இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் கிளாஸ் நடக்குது. யார் யாருக்குன்னு கேக்காதீங்க :-)

டிஸ்கி: வண்டி இன்னும் களத்துமேட்டைத் தாண்டல. ஆர்.சி.ல 350, உள்ள 500. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம இன்ஜின் மாத்தி ரோட்டுல ஓட்டக்கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே உண்டு. ஆசைப்படுறவங்க முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க, அப்புறம் லேத்துக்குப் போங்க.