தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டு வேண்டாமே!

"ராத்திரி படுத்தா காதுக்குள்ளே 'ங்கொய்'னு இரையுதுங்க டாக்டர். நல்ல எண்ணெயாக் கொடுங்க!"

இப்படிக் கேட்டு வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைக்கிறவர்கள். விசாரித்தால், ஒன்றரை ஷிப்ட் முழுக்கக் காதில் இயர்போன்! "சத்தம் தாங்காமத்தானுங்க பாட்டுப் போட்டுக்கறோம்" என்கிறார்கள்.

தப்பு இங்கேதான். சாதாரண இயர்போன் தறிச் சத்தத்தைத் தடுக்காது. அதையும் மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் இன்னும் கூட்டி வைக்க வேண்டும். ஒரு சத்தத்துக்குப் பயந்து இரண்டு சத்தத்தை உள்ளே விடுகிறோம்.

வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான்! தறிக்கூடங்களில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். பாட்டே இல்லாமல் அரை ஷிப்டிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

உட்காதில் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள் உண்டு. செத்தால் மறுபடி முளைக்காது. அதை உயிர்ப்பிக்கும் தைலம் சித்த வைத்தியத்திலும் இல்லை. ஆங்கில வைத்தியத்தில் மாத்திரையும் இல்லை. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், கண்டபடி காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல்தான்.

பஞ்சு வைத்தாலும் பிரயோசனமில்லை. காதடைப்பானோ, காதை மூடும் கவசமோதான் வேண்டும். அதை வாங்கித் தருவது முதலாளியின் கடமை. வெளிநாட்டு ஆர்டர்காரர் பார்வையிட வரும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் போதுமா?

பாட்டை வீட்டில், அமைதியான இடத்தில் கேளுங்கள். செல்போனில் ஒலி அளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரைச்சல் மறுநாளும் நிற்கவில்லையா? கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓடுங்கள்.

தாய்மார்களே! சாப்பிடக் கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்க்கவில்லையா? திமிர் என்று திட்டுவதற்கு முன், அவன் காதைக் கொஞ்சம் கவனியுங்கள்.