ஹாலிடே மெம்பர்ஷிப்: அன்றைக்கே கையெழுத்து வேண்டாம்



பள்ளித் தேர்வுகள் முடியும் நேரத்தில் வணிக வளாக வாசல்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் ஒரு சின்ன மேசை முளைத்துவிடும். சீட்டில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் அழைப்பு வரும். "சார், குலுக்கல்ல உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மேடத்தையும் கூட்டிட்டு ஹோட்டலுக்கு வாங்க." இருவரும் சேர்ந்து வந்தால்தான் பரிசு. காரணம் எளிது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவர வழி இருக்கக் கூடாது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நுகர்வோர் குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், கணக்கர்கள். அந்த ஹோட்டல் கூட்டங்களில் விற்கப்படும் ஹாலிடே மெம்பர்ஷிப்பின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். அதற்கு முன்பே நீங்கள் வர வேண்டும் என்பதற்காகவே இந்த வேண்டுகோள்.

முன்கூட்டியே ஒரு தொகை கட்டி ஆண்டுதோறும் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை வாங்கும் இந்த மெம்பர்ஷிப்புக்கு டைம்ஷேர் என்றும் பெயர். டைம்ஷேர் எல்லாமே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த வியாபாரம் நம்மூருக்குப் புதிதும் அல்ல. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-இல் சென்னையில்தான் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் கிளப் மஹிந்திரா வந்தது. ஆண்டு தவறாமல் போய்வந்து திருப்தியாக இருக்கும் குடும்பங்களை எங்களுக்கே தெரியும். எங்கள் கவலையெல்லாம் முடிவு எடுக்கப்படும் இடத்தைப் பற்றியது. இரைச்சலான பாட்டு, வட்ட மேசைகள், இலவச ஜூஸ், மூன்று மணி நேரப் பேச்சு. நான்கைந்து லட்ச ரூபாய் விவகாரத்தை முடிவு செய்ய அது ஏற்ற இடம் இல்லை.

அங்கே போடப்படும் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பி முதலில் உங்களைத்தான் பேசவிடுவார். "போன வருஷம் டூருக்கு எவ்வளவு சார் ஆச்சு?" 60,000 என்றால் வெள்ளைத்தாளில் அதை எழுதி, மெம்பர்ஷிப் ஓடும் 25 ஆண்டால் பெருக்குவார். 15 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று சேர்த்தால் 33 லட்சம். அதன் கீழே ஒரு கோடு. "நாங்க கேக்கறது ஆறு லட்சம்தான் சார்." நீங்கள் தயங்கினால் மேலாளர் வருவார், ஆறு நான்காகும், ஆனால் இன்றைக்கு மட்டும். அடுத்த மேசையில் யாரோ கையெழுத்துப் போட, அறை முழுக்கக் கைதட்டல்.

அந்தத் தாளில் இரண்டு விஷயங்கள் இருக்காது. உங்கள் 60,000-இல் ரயில் டிக்கெட், வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் அடக்கம். மெம்பர்ஷிப் தருவது அறை மட்டும்தான். மற்றதெல்லாம் மறுபடியும் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். ரிசார்ட் மலை உச்சியில் தனியாக இருந்தால் மூன்று வேளையும் அங்கேயே அவர்கள் விலைக்குத்தான் சாப்பிட்டாக வேண்டும். இரண்டாவது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். ஹோட்டல் வாடகைக்கு 6 சதவீத ஏற்றம் போட்ட தம்பி, தன் நிறுவனத்தின் கட்டணத்துக்கு அதைப் போட மாட்டார். நாம் போடுவோம். இன்றைக்கு ஆண்டுக்கு 20,000 என்றால், அதே 6 சதவீத ஏற்றத்தில் 25-ஆம் ஆண்டில் அது 81,000 ஆகிவிடும். 25 ஆண்டுக்கும் கூட்டினால் ஏறத்தாழ 11 லட்சம். நான்கு லட்சம் என்று பேரம் பேசி வாங்கிய பொருளுக்கு, வாங்கிய பிறகு கட்டுவது அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஜி.எஸ்.டி. தனி. பல ஒப்பந்தங்களில் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் இந்தக் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் அறை கிடைக்காது.

ஓர் இரவுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். அந்த நான்கு லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டு, 25 ஆண்டில் அசலும் வட்டியுமாகத் தீரும்படி எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 34,300 கிடைக்கும். அதோடு முதல் ஆண்டுக் கட்டணம் 20,000. ஆண்டுக்கு ஏழு இரவு என்று வைத்து வகுத்தால் ஓர் இரவு ஏறத்தாழ 7,750 ரூபாய். லீவு கிடைக்காமல் நான்கு இரவு மட்டும் தங்கினால் 13,500-ஐத் தாண்டும். இதே பணத்துக்கு ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ எப்படிப்பட்ட அறை கிடைக்கிறது என்பதை உங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். தவணையில் வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒரு கணக்கு. நான்கு லட்சத்தில் முன்பணம் போக மீதி 3,60,000 ரூபாயை 15 சதவீத வட்டிக்கு நான்கு ஆண்டுத் தவணையாக்கினால் மாதம் பத்தாயிரம் சொச்சம் வரும். வட்டி மட்டும் 1,20,000-ஐத் தாண்டும். இங்கே நாங்கள் போட்டிருப்பதெல்லாம் மாதிரி எண்கள்தான். உங்களிடம் சொல்லப்படும் எண்களை வைத்து இதே கணக்கை வீட்டில் போடுங்கள்.

சிலருக்குக் கணக்கு ஒத்தும் வரும். தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று கூட்டமாக ஆண்டுதோறும் போகிறவர்கள், பல மாதம் முன்பே தேதி குறிக்க முடிந்தவர்கள், அறையோடு சமையலறையும் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். அப்படி வாங்கினாலும் உங்களுக்குக் கிடைக்கும் சீசன் எது என்று பாருங்கள். விலை மலிவாக இருந்தால் பெரும்பாலும் அது மழைக்கால வாரமாகவோ பள்ளி நடக்கும் நாட்களாகவோ இருக்கும். மே மாதம் ஊட்டியில் அறை கிடைக்குமா என்று வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.  

"இது சொத்து மாதிரி சார், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம்" என்பார்கள். பெரும்பாலான திட்டங்களில் பத்திரம் இல்லை, பட்டா இல்லை. சில ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமை, அவ்வளவுதான். விற்கப் போனால் கொடுத்த விலையில் ஒரு சிறு பங்கு கிடைப்பதே அரிது. அங்கேதான் அடுத்த வலையும் இருக்கிறது. உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்று ஒருவர் அழைப்பார். கட்டியதும் வரி என்பார், பிறகு தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) என்பார். வாங்கும் ஆள் வரவே மாட்டார். விற்றுத் தருவதற்கு முன்பணம் கேட்கும் எவருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

"போகாத ஆண்டுக்குப் பணம் கூடுதலாகத் திரும்பி வரும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். அது விடுமுறைத் திட்டம் இல்லை, டெபாசிட். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் தங்கும் அறையின் பெயரைச் சொல்லி 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தது. அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் அது என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரும்படி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2016-இல் உத்தரவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். ஃபுளோரிடாவில் 10 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. அது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சமீபத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அவகாசம் மிச்சமிருந்தால் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் விலகல் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாட்கள் கடந்திருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கு மும்பையில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்; வாயால் சொன்ன வாக்குக்கு அவைதான் சாட்சி.

அழைப்பு வந்தால் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போவதானால் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்தத்தின் நகலையும், அந்தத் தம்பி கணக்கெழுதிய தாளையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கேளுங்கள். தர மறுத்தால் அதற்குமேல் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. தந்தால் அதை எங்களிடம் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலையில் சங்க அலுவலகத்தில் இருப்போம். வரிவரியாகப் படித்துச் சொல்கிறோம், கட்டணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்க நுகர்வோர் குழுவினர்