மஞ்சளை வைத்து மாதுளையை அளக்காதீர்கள்

செடிச் சாயம் கம்பளியில் நிற்காது, அது கிருமியைத் தடுக்கும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் காட்டும் ஒரே சான்று மஞ்சள். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது சாயத் தொட்டியில் கைவைத்த எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து எல்லாச் செடிகளுக்கும் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

மேடர் என்ற சாயச் செடியின் வேர் தரும் சிவப்புக்குக் காரணம் அலிசரின் என்ற சாயப்பொருள். 1868இல் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் ஆய்வகத்தில் உருவாக்கியதும் அதே அலிசரின்தான். வேரில் பிறந்தாலும் ஆலையில் பிறந்தாலும், படிகாரம் ஏற்றிய கம்பளியை அது இறுகப் பற்றும். துருக்கியின் அய்வாஜிக் கிராமங்களில் 1981 முதல் மேடர் சாயத்தில் கம்பளம் நெய்தார்களே, அதையாவது அவர் பார்த்திருக்கலாம்.

மாதுளைத் தோலின் டானின் கம்பளியின் புரதத்தோடு பிணைகிறது; விலங்குத் தோலைப் பதனிடுவதும் இதே பிணைப்பால்தான். புற ஊதாக் கதிரையும் அது உறிஞ்சும்.

கிருமித் தடுப்பைப் பற்றிக் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. செம்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிவிட்டு, கிருமித் தடுப்பின் புகழை முழுவதும் செடிக்கே தருவது சரியா? செம்பே கிருமியைக் கொல்லுமே! செம்பைத் தவிர்த்து, படிகாரம் மட்டும் இட்ட கம்பளியையும் படிகாரத்தோடு செடிச் சாயமும் ஏறிய கம்பளியையும் பலமுறை துவைத்து, பிறகு சோதித்துப் பார்க்கட்டும்.