ஆற்று வழியே போன பள்ளிவாசல்

 

நம் ஊரில் ஒரு பள்ளிவாசல் கட்ட நினைத்தால், கல்லும் மணலும் லொறியில் வந்து இறங்கிவிடும். ஆனால் பள்ளிவாசலே லொறியில் ஏறிப் பயணம் போன கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கனடாவின் வட கோடியில் இனுவிக் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. கோடையில் பல வாரங்கள் அங்கு சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் உதிப்பதுமில்லை. தொழில் தேடி அங்கு குடியேறிய முஸ்லிம்கள் ஒரு சிறிய கரவன் அறைக்குள் நெருக்கியடித்துத் தொழுது வந்தார்கள். அங்கே கட்டடம் கட்டப் பெருஞ் செலவாகும். ஆகவே ஸுபைதா தல்லாப் என்ற அறக்கட்டளை தெற்கே வின்னிபெக் நகரில் பள்ளிவாசலைக் கட்டி முடித்தது. பின்பு அதை அப்படியே லொறியில் ஏற்றி, ஹே ரிவர் துறைமுகத்துக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து மெக்கன்ஸி ஆற்றில் தெப்பக் கப்பலில் அனுப்பினார்கள். மொத்தப் பயணம் சுமார் 4,000 கிலோமீற்றர். அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் தவறியிருந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். அல்லாஹ்வின் அருளால் 2010 செப்டம்பரில் அது இனுவிக் போய்ச் சேர்ந்தது. நவம்பரில் திறக்கப்பட்டது.

சகோதரிகளே, வட கனடாவில் வாழ்க்கையே இப்படித்தான். இனுவிக்குக்குத் தெற்கிலிருந்து 1979 முதல் டெம்ஸ்டர் நெடுஞ்சாலை உண்டு. ஆனால் அது இரண்டு ஆறுகளைக் கடக்கிறது. பாலம் கிடையாது. கோடையில் பாதை எனப்படும் படகு. குளிர்காலத்தில் உறைந்த பனியே பாலம். பனி உறையும்போதும் உருகும்போதும் சில வாரங்களுக்கு இரண்டுமே இல்லை. அந்த நாட்களில் பாலும் காய்கறியும் விமானத்தில் வரவேண்டும், விலையும் ஏறிவிடும். இனுவிக்கிலிருந்து கடலோரத் துக்டோயக்டுக் கிராமத்துக்கு எல்லாக் காலத்துக்குமான பாதை திறந்ததே 2017-ல் தான். அதற்கு முன் குளிர்காலத்தில் பனிப்பாதை மட்டுமே இருந்தது.

நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள் உள்ளன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நெடுஞ்சாலை கிடையாது. கோடையில் வரும் கப்பலில்தான் மாவு, எண்ணெய், குழந்தைத் துணி என்று ஒரு வருடத்துச் சாமான்களை வரவழைக்கும் குடும்பங்கள் உண்டு. மாதச் செலவுக்குப் பட்டியல் எழுதும் நமக்கு, வருடத்துக்குக் கணக்குப் போடும் அந்தத் தாயின் பாடு விளங்கும்.

அதிலும் பெரிய சோதனை பிரசவம். பல சிற்றூர்களில் அதற்கு வசதியில்லை. கர்ப்பிணிகள் நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே விமானம் ஏறி, இக்காலுயிட், யெல்லோநைஃப், வின்னிபெக் போன்ற நகரங்களுக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். மூத்த பிள்ளைகள் ஊரில். தாய் அந்நிய இடத்தில்.

பாதை ஒன்று அறுந்தால் என்னவாகும் என்பதை ஹட்ஸன் விரிகுடாவின் சர்ச்சில் நகரம் அனுபவித்தது. 2017 மே மாத வெள்ளம் அதன் ஒரேயொரு ரயில் பாதையைச் சிதைத்தது. 2018-ன் பிற்பகுதி வரை ரயில் வரவில்லை.

1972-ல் கனடா விண்ணில் ஏவிய செய்மதி, தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் வடக்கே கொண்டு சேர்த்தது. அதற்கு வைத்த பெயர் அனிக். இனுயிட் மக்களின் மொழியில் சிறிய சகோதரன் என்று பொருள். எத்தனை பொருத்தமான பெயர்! தூரத்திலிருப்பவளுக்கு ஒரு சகோதரனின் குரல்தானே முதல் ஆறுதல்?

ஆற்றையும் பனியையும் கடந்து அவர்கள் உறவைக் காக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கோ தார்ப்பாதையும் இருக்கிறது, தொலைபேசியும் இருக்கிறது. அப்படியிருந்தும் அடுத்த ஊரிலுள்ள உம்மாவையோ ராத்தாவையோ விசாரிக்காமல் மாதங்களைக் கடத்துபவர்கள் நம்மில் இல்லையா? பாதை இருப்பது ஒரு நிஃமத். அதில் நடப்பதே அதற்கான ஷுக்ர். இன்றே ஒரு தடவை அழைத்துப் பேசுங்கள்.