அச்சம் அன்று, அனுபவம்

லினக்ஸ் வழங்கிகளில் சேவைகளைத் தொடங்குதல், நிறுத்துதல், கண்காணித்தல் ஆகிய பொறுப்புகளை ஏற்ற சிஸ்டம்டி என்னும் மென்பொருளை எதிர்த்த நிர்வாகிகள் மாற்றத்தைக் கண்டு அஞ்சியவர்கள் என்னும் வாதம் வரலாற்றோடு பொருந்தவில்லை. 2006இல் உபுண்டு லினக்ஸும் பின்னர் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 6ஆம் பதிப்பும் பழைய தொடக்க முறையை விலக்கி அப்ஸ்டார்ட் என்னும் மாற்று மென்பொருளைக் கொண்டுவந்தபோது இத்தகைய கொந்தளிப்பு எழவில்லை. பழைய தொடக்க நிரல்களின் குளறுபடிகளை அவற்றோடு மல்லாடிய நிர்வாகிகளைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். விழுந்த சேவையைத் தானே எழுப்பும் சிஸ்டம்டியின் திறனை அவர்களுள் பலர் மறுக்கவுமில்லை.

அவர்களை வெகுளச் செய்தது, 2010இல் சேவை மேலாளராக அறிமுகமான ஒன்று பதிவேடு, பயனர் அமர்வு, பெயர்த் தீர்வு எனக் கிளை விரித்ததே ஆகும். கணினியில் நிகழ்வனவற்றைக் குறிக்கும் பதிவேடு எளிய உரையிலிருந்து இரும வடிவத்துக்கு மாறியதால், பழுதான வழங்கியின் வட்டை வேறொரு கணினியில் இணைத்துப் படிப்பதற்கும் ஜர்னல்சிடிஎல் என்னும் தனிக்கருவி தேவைப்படுகிறது.

2016 மே மாதம் வெளிவந்த 230ஆம் பதிப்போ, பயனர் வெளியேறியதும் அவர் தொடங்கிய செயல்முறைகள் அனைத்தையும் முடித்துவிடுவதை இயல்பிருப்பாக, அதாவது எவரும் கேளாமலே நடப்பதாக, ஆக்கியது. பயனர் வெளியேறிய பின்னும் பணி தொடர வேண்டும் என்பதற்காகவே இருக்கும் ஸ்கிரீன், டிமக்ஸ் போன்ற கருவிகளின் பயனையே இது குலைத்தது. அந்த இயல்பிருப்பைத் தன் லினக்ஸ் தொகுப்பில் மாற்றியமைத்த டெபியன், சிஸ்டம்டியை எதிர்த்த அமைப்பன்று. 2014இலேயே அதனைத் தேர்ந்துகொண்ட அமைப்பாகும்.