எர்த் இழுக்காத வீட்டில் மூன்று பின் பாயிண்ட் கிடையாது

பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் கூடுதல் பிளக் பாயிண்ட் போட, 'பாயிண்டுக்கு இவ்வளவு' என்று மொத்த ரேட் பேசும் ஒப்பந்தம் குறித்து மின் பணியாளர் சங்கத்தின் செயற்குழு தன் நிலைப்பாட்டைத் தெரிவிக்கிறது. பேசிய ரேட்டில் எர்த் வயர் இழுக்கும் கூலி இல்லை. சங்கத்தின் எதிர்ப்பு முதன்மையாக அங்கேதான்.

பாயிண்ட் கேட்கும் குடும்பங்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் அறைக்கு ஒரு 5 ஆம்பியர் பாயிண்ட் இருந்தாலே பெரிது. 2006 தேர்தலுக்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சி, 2011 தேர்தலுக்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அரசே வீட்டுக்கு வீடு வழங்கியது. அவற்றைச் செருக யாரும் பாயிண்ட் வழங்கவில்லை. பிறகு தண்ணீர் சுத்திகரிப்பான், வைஃபை, இண்டக்‌ஷன் அடுப்பு என்று வரிசை நீண்டது.

"சாக்கெட் மாட்டுவது சில்லறை வேலை, இதற்கு லைசென்ஸ் எதற்கு?" என்பது ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்களின் வாதம். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி இதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டது. பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு. இருக்கும் வயரிங்கில் கூடுதலாக எதைச் சேர்த்தாலும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளும் இதையே கூறின.

சுமை பற்றி உறுப்பினர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. லைட் சர்க்யூட்டுக்குப் பத்து பாயிண்ட், 800 வாட் என்பது தொழிலில் எல்லோரும் படித்த வரம்பு. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக வழிசெய்பவர் தெரிந்தேதான் செய்கிறார். புது பாயிண்ட் போட்ட பிறகு எம்சிபி விழுகிறது என்றால் சுமை கூடிவிட்டது அல்லது எங்கோ கோளாறு என்று பொருள். அங்கே 32 ஆம்பியர் எம்சிபியை மாற்றி வைப்பது வைத்தியம் ஆகாது. பழைய அலுமினிய வயரோடு செம்பு வயரை வெறுமனே முறுக்கிச் சேர்ப்பதும் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும்.

இனி எர்த்.

பழைய வீடுகளில் பல சுவிட்ச் போர்டுகளுக்கு வந்து சேர்வது பேஸ், நியூட்ரல் இரண்டு வயர்தான். அங்கே மூன்று பின் சாக்கெட்டை மாட்டினால் மேல் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அதை மறைக்கச் சிலர் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரை லூப் போட்டுவிடுகிறார்கள். டெஸ்ட் லேம்ப்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் பளிச்சென்று எரியும். வீட்டுக்காரருக்குத் திருப்தி. காசும் கைமாறிவிடும்.

கம்பத்திலோ மீட்டரிலோ கருகிப்போன பியூஸ் கட்டையிலோ நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போகும்போது என்ன ஆகும்? வீட்டில் ஒரு ஃபேன் சுவிட்ச் போட்டிருந்தால் போதும். அதன் வழியே பேஸ் திரும்பி வந்து நியூட்ரல் வயரில் ஏறி, அந்தத் துண்டு லூப் வழியாக ஃப்ரிட்ஜின் கதவுக்கும் கிரைண்டரின் உடம்புக்கும் போய் நிற்கும். ஈரக் கையோடு மாவு வழிக்க வருபவருக்கு அது எப்படித் தெரியும்? சர்வீஸ் வயர் மாற்றும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எர்த் பின்னில் நேரடியாக 230 வோல்ட் நிற்கும். சாக்கெட்டின் சுவிட்சை அணைத்தாலும் போகாது, ஏனென்றால் சுவிட்ச் எர்த்தைத் துண்டிப்பதில்லை. எர்த் பின் வெறுமையாக இருந்திருந்தால் அந்தக் கிரைண்டரில் கோளாறு வந்தால்தான் ஆபத்து. லூப் போட்ட வீட்டில் கிரைண்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் ஆள் சாவார்.

இன்னொன்றும் நடக்கிறது. உண்மையான எர்த்தும் ஓரளவு இருக்கும் வீட்டில் இந்த லூப்பைப் போட்டால், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி உடனே விழும். லூப்பைக் கழற்றுவதற்குப் பதில் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டு, "அது தொல்லை பிடித்தது சார்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கடுமையான சொல் வேண்டாம் என்று குழுவில் சிலர் கேட்டுக்கொண்டதால், இது தொழில் நெறிக்கு முரணானது என்று மட்டும் இங்கே குறிப்பிடப்படுகிறது. கொலை முயற்சி என்பதுதான் பெரும்பாலோர் முன்வைத்த சொல்.

மொபைல் சார்ஜர் போன்ற சிறு சுமைக்கு, எர்த் இல்லாத போர்டில் இரண்டு பின் சாக்கெட் போடலாமா என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. சூழ்நிலையைப் பொறுத்து, வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்யலாம் என்பது தற்காலிக ஏற்பாடு. அதற்கான கூலி குறித்துப் பிறகு பேசப்படும்.

மற்றவற்றில் தயக்கம் இல்லை. மூன்று பின் சாக்கெட் என்றால், எர்த் குழியோடு இணைந்த பச்சை வயர் அந்தப் போர்டுவரை வர வேண்டும். 16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் டிபியிலிருந்து குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தனியாக, தனி எம்சிபியோடு வர வேண்டும். ஏசிக்கும் கீசருக்கும் 4. வேலை முடிந்ததும் போர்டைத் திறந்து எர்த் வயர் எங்கே போகிறது என்று காட்டச் சொல்லுமாறு வீட்டுக்காரர்களைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது. காட்ட மறுப்பவருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

எர்த் கூலி சேராத ரேட்டில் உறுப்பினர் எவரும் வேலை எடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் யார் என்பது சங்கத்துக்குத் தெரியும். அவர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் அதை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும்.